தமிழ்நாடு அரசு இலச்சினை: கோபுரத்தின் தோற்றமும் பொருளும்

தமிழ்நாடு அரசு இலச்சினை என்பது தமிழ்நாட்டு அரசின் ஆணைகள், சான்றிதழ்கள், பாடநூல்கள், அலுவலகப் பெயர்ப் பலகைகள் ஆகியவற்றில் இடம்பெறும் வட்ட வடிவச் சின்னம். 1949ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாண அரசுக்காக மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் இதை வரைந்தார். பழனி அடிவாரத்து அலுவலகங்களிலும் கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களிலும் இன்று இதே கோபுரச் சின்னமே அரசைக் குறிக்கிறது.

இச்சின்னத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. அதிலுள்ள கோபுரம் திருவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரைக் கோபுரமா என்பதே அக்கேள்வி. போட்டித் தேர்வு நூல்களும் இதை ஒரு மதிப்பெண் வினாவாக ஆக்கிவிட்டன. அதைவிட முதன்மையான கேள்வி வேறொன்று உண்டு. பல நூற்றாண்டுகள் ஒரு பகுதி மக்களை வாயிலுக்கு வெளியே நிறுத்திய கட்டடம், எல்லா மக்களுக்கும் உரிய அரசின் அடையாளமாக எப்படி ஆனது என்பதே அது. இலச்சினையின் பொருளை அது வரையப்பட்ட காலத்துச் சட்டங்களோடும் பிற்கால மாற்றங்களோடும் சேர்த்தே புரிந்துகொள்ள முடியும்.

அமைப்பு

இலச்சினையின் நடுவில் சாரநாத்தில் கிடைத்த அசோகரின் சிங்கத் தூண் தலைப்பு உள்ளது. அதன் இருபுறமும் இந்தியத் தேசியக் கொடிகள் உள்ளன. பின்னணியில் உயர்ந்த கோயில் கோபுரம் எழுகிறது. வட்டத்தின் மேல் விளிம்பில் ‘தமிழ்நாடு அரசு’ என்றும் கீழ் விளிம்பில் ‘வாய்மையே வெல்லும்’ என்றும் எழுதப்பட்டுள்ளது.

ஆக, இதில் நான்கு கூறுகள் உள்ளன. தூண் மௌரியர் காலத்துப் பௌத்த மரபிலிருந்து வந்தது. கொடி விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்தது. கோபுரம் தென்னிந்தியக் கோயிற்கலையிலிருந்து வந்தது. வாசகம் உபநிடத மூலத்தின் தமிழ் வடிவம். இந்நான்கில் மூன்று 1949இலிருந்து மாறவில்லை. வாசகம் மட்டுமே மாறியது.

தோற்றம்

புதிய சின்னம் ஒன்றை வரைய வேண்டிய தேவை சென்னை மாகாணத்துக்கு ஏன் வந்தது என்பதை அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டால் விளங்கும். கர்நாடகத்தின் சின்னத்தில் உள்ள இருதலைப் பறவையான கண்டபேருண்டம் மைசூர் உடையார் மரபின் சின்னம். கேரளச் சின்னத்திலுள்ள சங்கு திருவிதாங்கூர் அரசமரபிலிருந்து வந்தது. அரச குடும்பத்தின் சின்னம் அங்கே மக்களாட்சியின் சின்னமாகத் தொடர்ந்தது. சென்னை மாகாணமோ ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதி. வெளியேறும்போது அவர்கள் விட்டுச்சென்றது பிரித்தானிய முடியின் சின்னம்தான். அதைத் தொடர முடியாது. எனவே புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது.

1949இல் இருந்த சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு அல்ல. கடலோர ஆந்திரம், இராயலசீமை, பெல்லாரி, மலபார், தென் கன்னடம் ஆகியவை அதில் அடங்கியிருந்தன. ஆந்திரம் 1953 அக்டோபர் 1 அன்று பிரிந்தது. மலபாரும் தென் கன்னடமும் 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்களோடு இணைந்தன. ஆகவே தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் மக்கள் அனைவருக்குமான சின்னமாகவே இது முதலில் வரையப்பட்டது.

விசயநகர, நாயக்கர் காலங்களில் பெருகிய உயர்ந்த கோபுரம் தமிழகத்துக்கும் தெலுங்கு நாட்டுக்கும் கன்னடப் பகுதிகளுக்கும் பொதுவானது. மலபாரின் ஓட்டுக்கூரைக் கோயில்களுக்கு அத்தகைய கோபுரம் கிடையாது. எனவே கோபுரம் மாகாணம் முழுவதையும் குறித்தது என்று அன்றும் சொல்லியிருக்க இயலாது. மற்ற மொழிப் பகுதிகள் பிரிந்த பிறகே அது தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான அடையாளமாக ஆனது.

மூவேந்தர் சின்னங்கள் ஏன் இல்லை?

தமிழகத்துக்குச் சின்ன மரபு இல்லாமல் இல்லை. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்பது சங்க இலக்கியம் முதல் அறியப்பட்ட செய்தி. பனை, ஆத்தி, வேம்பு என்று அவர்களுக்கு அடையாள மாலைகளும் இருந்தன. காசுகளிலும் செப்பேட்டு முத்திரைகளிலும் இச்சின்னங்கள் காணக் கிடைக்கின்றன.

இவற்றில் மிகத் தெளிவான சான்று முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரை. அதில் சோழரின் புலியோடு பாண்டியரின் இரண்டு கயல்களும் சேரரின் வில்லும் இடம்பெறுகின்றன. மேலே வெண்கொற்றக் குடையும் சாமரங்களும் உள்ளன. இது வெறும் அழகு வேலை அல்ல. தோற்ற அரசர்களின் சின்னங்களை வென்றவன் தன் முத்திரைக்குள் அடக்கிக்கொள்கிறான். எழுத்தறியாதவரும் பார்த்த அளவில் யார் யாருக்கு அடங்கியவர் என்பதை அறிந்துகொள்வர்.

இந்த மரபே புதிய அரசுக்குத் தடையாகவும் இருந்தது எனலாம். புலியைக் கொண்டால் தஞ்சை முந்தும். மீனைக் கொண்டால் மதுரை முந்தும். மூன்றையும் சேர்த்தால் அது சோழனின் வெற்றி முத்திரையை நினைவூட்டும். தெலுங்கு, கன்னட மக்களுக்கு மூன்றுமே அயலானவை. மன்னர் பெயரோடு பிணைக்கப்படாத, பல அரசமரபுகள் அடுத்தடுத்துக் கட்டி வளர்த்த ஒரு வடிவம் தேவைப்பட்டது. பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர் எனப் பலரும் கோபுரம் எழுப்பினர். அவ்வகையில் கோபுரம் பொருத்தமான தேர்வே.

எந்தக் கோபுரம்?

கோபுரம் பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. முதல் கருத்தின்படி அது திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் கோபுரம். 11 நிலைகளும் ஏறத்தாழ 190 அடி உயரமும் கொண்ட இக்கோபுரம் தமிழகத்தின் மிக உயர்ந்த கோபுரங்களுள் ஒன்று. இரண்டாம் கருத்தின்படி அது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம். இது 9 நிலைகள் கொண்டது.

திருவில்லிபுத்தூர்க் கருத்துக்கு வலுச்சேர்ப்பது ஆட்சியாளரின் ஊர். 1949 ஏப்ரலில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவி விலகியபின் மாகாணப் பிரதமரான பூ. ச. குமாரசாமி ராஜா இராசபாளையத்தைச் சேர்ந்தவர். இராசபாளையத்துக்கு மிக அருகில் உள்ள ஊர் திருவில்லிபுத்தூர். மதுரைக் கருத்துக்கு வலுச்சேர்ப்பது ஓவியரின் ஊர். கிருஷ்ணராவ் மதுரைக்காரர், அக்கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர். மதுரையின் கோபுரங்களுள் மிக உயர்ந்தது தெற்குக் கோபுரம். உயரத்தைக் கருதாமல் மேற்குக் கோபுரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் மரபு நிலைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்விரு வாதங்களுக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. இலச்சினை ஒளிப்படம் அல்ல. முத்திரையாகக் குத்தும்போதும் சிறிய அளவில் அச்சிடும்போதும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வடிவங்கள் எளிமையாக்கப்படுகின்றன. கோபுரத்தின் நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்கள் சில கோடுகளாகச் சுருங்குகின்றன. ஓவியர் எந்தக் கோபுரத்தை மனத்தில் வைத்து வரைந்திருந்தாலும், வரைந்து முடித்தபின் அது ஓர் ஊரின் கோபுரமாக மட்டும் இருப்பதில்லை. சிதம்பரத்தவரும் திருவண்ணாமலையாரும் அதில் தம் ஊரைக் காண்பது இதனால்தான். ஊர்ப்பெருமையின் அளவில் நிற்கும் விவாதம் இலச்சினையைச் சுருக்குகிறது.

கோபுரமும் வாயிலும்

கோபுரம் என்பது வாயிலின் மேல் எழுப்பப்படும் கட்டடம். கருவறையின் மேல் இருப்பது விமானம். இவ்வேறுபாடு இலச்சினையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. அரசின் சின்னத்தில் இருப்பது இறைவனின் இருப்பிடம் அல்ல. உள்ளே நுழையும் வழி.

அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருங்கோயில்களுக்குள் செல்லத் தடை இருந்தது. நாடார்களும் பல கோயில்களில் தடுக்கப்பட்டனர். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்னும் பழமொழிக்கு இந்தப் பின்னணியில் இன்னொரு பொருளும் கிடைக்கிறது. வெளியே நிற்கும்படி விதிக்கப்பட்டவர்களுக்குக் கோபுரத்தைக் காண்பது மட்டுமே மிஞ்சியது.

1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், பி. கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினரையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அதைத் தொடர்ந்து இராசாசி அரசு, கோயிலைத் திறந்துவிட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஓமந்தூரார் ஆட்சியில் 1947இல் வந்த சென்னைக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் அந்த உரிமையை மாகாணம் முழுவதற்கும் சட்டமாக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1949இல், கோபுரம் அரசின் இலச்சினையானது.

இக்கால வரிசை தற்செயலானதாக இருக்கலாம். ஓவியர் கோயில் நுழைவை எண்ணி வரைந்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பொருள் வரைந்தவரின் எண்ணத்தில் மட்டும் இருப்பதில்லை. 1938இல் ஓர் அரசு கோபுரத்தைத் தன் அடையாளமாக்கியிருந்தால், தன் குடிமக்களில் ஒரு பெரும்பகுதியினரை வெளியே நிறுத்திய கட்டடத்தை அவர்களிடமே காட்டியிருக்கும். 1949இல் அதே கோபுரம் சட்டப்படி எல்லோரும் நுழையக்கூடிய வாயிலாக இருந்தது. கோயில் நுழைவுச் சட்டம் இன்றி இவ்விலச்சினைக்கு அறத்தகுதி இல்லை. ஏதேனும் ஓர் ஊரில் இன்றும் ஒரு சாதியினர் கோயில் வாயிலில் தடுக்கப்படும்போது, மீறப்படுவது சட்டம் மட்டுமல்ல, அச்சட்டத்தை நிறைவேற்ற வரும் அதிகாரியின் தாளில் அச்சிட்டிருக்கும் கோபுரத்தின் பொருளும்தான்.

மதுரையா, திருவில்லிபுத்தூரா என்னும் கேள்விக்கு இவ்விடத்தில்தான் சற்று எடை கூடுகிறது. மதுரை எனக் கொண்டால், அது 1939இன் நுழைவு நிகழ்ந்த கோயில்.

வாசகத்தின் மாற்றம்

1967இல் சி. என். அண்ணாதுரை தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு சூலை 18 அன்று மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. முண்டக உபநிடதத்திலிருந்து வந்த ‘சத்யமேவ ஜயதே’ என்னும் வடமொழித் தொடரின் இடத்தை ‘வாய்மையே வெல்லும்’ பெற்றது.

பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த கட்சி கோபுரத்தை அகற்றவில்லை என்பது பலரும் சுட்டுவது. எழுத்து மாறியது, படம் மாறவில்லை. கோபுரம் வழிபாட்டுச் சின்னம் என்பதைவிடத் தமிழர் கட்டடக்கலையின் சின்னமாகவே ஏற்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அதே வேளையில், ஏற்றுக்கொள்ளுதல் வேறு, கேள்வி தீர்ந்துபோதல் வேறு. மசூதிக்கும் தேவாலயத்துக்கும் செல்லும் தமிழர் கோபுரத்தைக் கலையாகக் கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் அரசு, தானும் அதைக் கலையாகவே கொண்டு நடந்துகொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பும் பொருளைச் சற்றே நகர்த்தியது. தமிழ் மரபில் உண்மை உள்ளத்தோடும், வாய்மை சொல்லோடும், மெய்ம்மை உடலால் ஆகும் செயலோடும் இணைத்துப் பேசப்படும். திருக்குறளின் 30ஆம் அதிகாரம் வாய்மை. பிறருக்குச் சிறிதும் தீங்கு தராத சொல்லையே அது வாய்மை என வரையறுக்கிறது. உபநிடதத்தின் சத்தியம் உலகின் மெய்ப்பொருளை நோக்குவது. குறளின் வாய்மை மனிதர் பேசும் சொல்லின் விளைவை நோக்குவது. சான்றிதழும் ஆணையும் வழங்கும் அரசுக்கு இரண்டாவது பொருள் கூடுதலாகப் பொருந்துகிறது. அரசின் சொல் யாருக்கும் தீங்காகக் கூடாது என்னும் கடமை அதில் அடங்கியிருக்கிறது.

அசோகத் தூணும் தமிழ் நிலமும்

இலச்சினையின் இன்னொரு கூறு அதிகம் பேசப்படுவதில்லை. அசோகர் தம் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைத் தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகக் குறிப்பிடுகிறார். அவர்களின் நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாக இரண்டாம் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. அசோகரின் படை வெல்லாத நிலத்தின் கோபுரமும் அசோகரின் தூணும் இன்று ஒரே வட்டத்துக்குள் நிற்கின்றன. இராசேந்திரனின் முத்திரையில் சின்னங்கள் சேர்ந்தது வெற்றியால். இங்கே அவை சேர்ந்தது கூட்டாட்சியால். முன்னால் தூணும் பின்னால் அதைவிட உயரமாகக் கோபுரமும் நிற்கும் அமைப்பை, ஒன்றியமும் மாநிலமும் ஒன்றையொன்று மறைக்காத ஏற்பாடாகக் கொள்ளலாம்.

இத்தாலியோடு ஓர் ஒப்பீடு

சமயம் சார்ந்த வடிவம் பொதுச் சின்னமாவது தமிழ்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததல்ல. இத்தாலிய நகரங்களான மிலானும் செனோவாவும் வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிலுவையைத் தம் சின்னமாகக் கொண்டுள்ளன. சிலுவை கிறித்தவச் சின்னம் எனினும் நூற்றாண்டுகளாக அது நகர மக்களின் தன்னாட்சியையும் குறித்து வந்துள்ளது. புளோரன்சு நகரின் சின்னம் லில்லி மலர். முதலில் அது சிவப்புப் பரப்பில் வெள்ளை மலராக இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் போப்பரசரை ஆதரித்த குவெல்ஃபு அணி, பேரரசரை ஆதரித்த கிபெல்லின் அணியை வெளியேற்றியபோது நிறங்களை மாற்றி வெள்ளையில் சிவப்பு மலராக்கியது. அங்கும் வடிவம் நிலைத்தது, பொருள் மாறியது.

இத்தாலியக் குடியரசு தன் சின்னத்தை 1948 மே 5 அன்று ஏற்றது. சென்னை மாகாணச் சின்னத்துக்கு அது ஓராண்டு மூத்தது. பாசிச ஆட்சியிலிருந்தும் மன்னராட்சியிலிருந்தும் விடுபட்ட நாடு விண்மீன், பற்சக்கரம், ஒலிவக் கிளை, கருவாலிக் கிளை ஆகியவற்றைத் தேர்ந்தது. பற்சக்கரம் உழைப்பையும் ஒலிவம் அமைதியையும் குறிக்கின்றன. நகரங்கள்தோறும் சிலுவை இருந்தும் நாட்டின் சின்னத்தில் சிலுவை இல்லை. ஏறத்தாழ ஒரே காலத்தில் புதிய தொடக்கம் கண்ட இரு அரசுகளுள் ஒன்று வருங்காலத்தின் உழைப்பைக் காட்டியது. மற்றொன்று கடந்த காலத்தின் கட்டடத்தைக் காட்டியது. சென்னையின் சின்னத்தில் நெசவாளியின் தறியோ உழவரின் கலப்பையோ இல்லை. இது அதன் உண்மையான குறை.

பழனிமலைகளிலிருந்து பார்க்கையில்

கோபுரம் சமவெளி நகரத்தின் வடிவம். அதற்கு மதில் வேண்டும், தேர்வீதி வேண்டும், நெல் விளையும் நிலத்தின் வருவாய் வேண்டும். பழனிமலைத் தொடரின் பழைய கட்டடங்கள் வேறு வகையானவை. தாண்டிக்குடி போன்ற இடங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. இம்மலைகளின் பழங்குடியினரான பளியரின் வழிபாடு காட்டோடும் கல்லோடும் பிணைந்தது. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழோ நிலவுரிமை ஆணையோ வரும்போது அதன் தலையில் இருப்பது அவர்கள் கட்டாத கோபுரம்.

மலையடியில் உள்ள பழனி, கோபுரத்துக்கு வேறொரு பொருளைத் தருகிறது. தண்டாயுதபாணி கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள பெருங்கோயில்களுள் ஒன்று. வருவாய் அலுவலகப் பலகையில் கோபுரம் அரசின் அடையாளம் மட்டுமே. கோயில் நிர்வாக அலுவலகத்தில் அதே சின்னம், கோபுரத்தின் மேல் அரசுக்கு உள்ள பொறுப்பையும் குறிக்கிறது.

இலச்சினையில் இல்லாத மலைநிலத்தை மாநிலத்தின் பிற அடையாளங்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. மாநில விலங்கான வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழ்வது. மாநில மலரான செங்காந்தள் சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்தோடும் முருகனோடும் தொடர்புடையது. கொடைக்கானலில் 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சி மாநிலச் சின்னமாக இல்லாவிடினும், ஒரு நிலப்பிரிவுக்கே பெயர் தந்த மலர் என்பதால் எல்லோரும் அறிந்தது. மூவேந்தர் மாலைகளுள் சேரருக்கு உரியதாக இருந்த பனை இன்று மாநில மரம். எனவே இலச்சினையைத் தனியாகப் பார்க்காமல் இவற்றோடு சேர்த்துப் பார்ப்பதே தமிழ்நாட்டின் ஐந்திணை மரபுக்கு ஏற்றது.

மதிப்பீடு

தமிழ்நாடு அரசு இலச்சினை ஒரே நாளில் முழுப்பொருள் பெற்ற சின்னம் அல்ல. 1949இல் பன்மொழி மாகாணத்துக்காக வரையப்பட்டது. 1956இல் மொழிவழி எல்லை அமைந்தபோது தமிழர்க்கு உரியதானது. 1960களின் இறுதியில் தமிழ் வாசகமும் தமிழ்நாடு என்னும் பெயரும் பெற்றது. இவை அனைத்துக்கும் முன் 1947இன் கோயில் நுழைவுச் சட்டம் கோபுரத்தின் வாயிலை எல்லோருக்கும் உரியதாக்கியது. உழைப்பாளரும் மலைவாழ் மக்களும் படத்தில் இடம்பெறாதது குறையே. அக்குறையைப் படத்தை மாற்றுவதைவிட, அச்சின்னம் தாங்கிய ஆணைகள் அவர்களுக்கு உரிய நேரத்தில் கிடைப்பதே விரைவில் தீர்க்கும்.

எந்தக் கோபுரம் என்று கேட்கும் மாணவர், அதன் வாயில் யாருக்கு எப்போது திறந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டால் இலச்சினையின் வரலாறு முழுமையாக விளங்கும்.